உப்புக் காற்றில் ஒற்றைப் பல்சக்கரம்

மரக்காணத்தில் ஒரு கியர் சைக்கிளில் முதலில் சாகிற உறுப்பு டயரோ பிரேக் கட்டையோ இல்லை. பின் அச்சுக்குக் கீழே தொங்கியபடி, செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளிவிடும் டீரெய்லர்தான். அதற்குள் நாலு கீல், இரண்டு ஸ்பிரிங், இரண்டு குட்டிச் சக்கரம். உப்பளத்துச் சாலையில் ஒரு கோடை ஓடிய வண்டியில் அந்தக் கீல்கள் ஒட்டிக்கொள்ளும். லீவரைத் தள்ளினால் கேபிள் இழுக்கும், கீல் அசையாது. தப்பித்தவறி அசைந்துவிட்டால் ஸ்பிரிங் திரும்பி வராது. அதற்கப்புறம் பத்து கியர் வண்டி ஒரே கியர் வண்டிதான். அது எந்தக் கியர் என்பதையும் வண்டியே முடிவு செய்துவிடும்.

என் கடை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. அப்பா வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த இடம். அப்போது வந்ததெல்லாம் கறுப்பு சைக்கிள்: அளத்துக்குப் போகிறவர்களும், கூனிமேடு, அனுமந்தை பக்கம் மீன் கூடை கட்டிப் போகிறவர்களும் ஓட்டியது. சாலை அகலமான பிறகு சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு விடியற்காலையில் கிளம்பும் சைக்கிள்காரர்கள் பஞ்சர் ஒட்டவும், காற்றடிக்கவும், டீ குடிக்கவும் நின்றார்கள். அவர்கள் விற்ற பழைய கியர் வண்டிகளும், கடலோர வீடுகளில் மூலையில் கிடந்த வெளிநாட்டு வண்டிகளும் மெல்ல ஊர்ப் பையன்களிடம் வந்தன. அவற்றின் கியரைச் சரிசெய்யத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். நாளடைவில் கியரைக் கழற்றிவிடக் கேட்டு வந்தார்கள்.

இந்த ஊர்த் துருவைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் பக்கத்தில் இருப்பதால் துரு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சோற்றுப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி நீராகக் கசிய, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். கரையோர இரவில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும். பாத்தியில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீர் இன்னும் மோசம். அதில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். வரப்பில் ஓடிய வண்டியைச் சித்திரை வெயிலில் நிறுத்தினாலும் ஃபிரேமைத் தடவினால் கை பிசுபிசுக்கும், காரணம் இதுதான். அதோடு, இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பம் செருகியிருக்கும் இடங்களில் உப்பு ஈரம் புகுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். சீட் கம்பத்தை மேலே ஏற்ற முடியாமல் முட்டி மடக்கி ஓட்டுகிற பையன்களைப் பார்த்தால், உள்ளே அது ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

கறுப்பு சைக்கிள் இதையெல்லாம் தாங்கியதற்குக் காரணம் அதில் கெடுவதற்குப் பொருள் குறைவு என்பதுதான். கம்பி பிரேக், ஒரு செயின், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு ஃப்ரீவீல். அதிலும் அடிக்கடி மாற்றுவது ஃப்ரீவீல்தான். உள்ளே இருக்கும் சின்ன நாக்குகளும் மயிரிழை ஸ்பிரிங்கும் உப்பில் இறுகினால் ஒன்று, மிதித்தாலும் வண்டி நகராது. இல்லையென்றால், மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் நிற்காது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுழற்றினால் சில மாதம் ஓடும். அதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பல்சக்கரமும் அச்சும் ஒரே உடம்பாக ஆகும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். அதுதான் ஃபிக்ஸட் கியர்.

இதைப் புது நாகரிகம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். ஃப்ரீவீல் பரவுவதற்கு முன்னால் உலகத்தில் ஓடிய சைக்கிள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903-இல் தொடங்கியது. அதில் டீரெய்லரை 1937 வரை அனுமதிக்கவில்லை. அதுவரை ஓட்டுபவர்கள் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் வைத்து, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். நம் ஊரிலும் இதைப் பார்த்தவர்கள் உண்டு. திருவிழாக் காலத்தில் மைதானத்தில் நாள்கணக்காகச் சைக்கிள் சுற்றும் வித்தைக்காரர்கள் பின்னோக்கி ஓட்டுவார்களே, அந்த வண்டி ஃப்ரீவீலோடு பின்னால் போகாது. அப்பா கடையில் அப்படி ஒருவருக்காக ஃப்ரீவீலுக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்ததை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன்.

பந்தயத் தளத்தில் இன்றைக்கும் இதுதான் வண்டி. டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக மரத்தளம் போட்ட வெலோட்ரோம் அமைத்தார்கள். அந்தமானைச் சேர்ந்த எசோ ஆல்பன் 2018-இல் உலக ஜூனியர் டிராக் சைக்கிள் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கியது பிரேக்கும் ஃப்ரீவீலும் இல்லாத வண்டியில்தான். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பையன் என்னிடம் வந்தான். “அண்ணே, இதுல பிரேக் எங்கண்ணே இருக்குது?” என்றான். “அவன் ஓட்ற எடத்துல பஸ்சு வராதுடா” என்றேன். அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பழைய கியர் வண்டியை மாற்ற முடியுமா என்று தெரிந்துகொள்ள நான் கியர் பக்கம் பார்க்க மாட்டேன். பின் அச்சு உட்காரும் காடியைப் பார்ப்பேன். பழைய ரோடு வண்டிகளில் அந்தக் காடி முன்பின்னாகப் படுத்திருக்கும். அச்சை அதில் முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். பிந்தைய வண்டிகளில் காடி நேர் கீழே இறங்கும். அச்சு ஒரே இடத்தில்தான் உட்காரும். டீரெய்லர் இருந்தவரை செயின் தொய்வை அதன் ஸ்பிரிங் இழுத்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டால் இழுக்க ஆளில்லை. செயினில் ஒரு அரைக் கண்ணியைச் சேர்த்தும், பல் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தும் சிலர் ஒப்பேற்றுவார்கள். செயின் நாள்பட நீளும்போது அந்தக் கணக்கு கெட்டுவிடும். நேர்க்காடி வண்டிக்கு ஃப்ரீவீல் போட்டு, தொய்வு இழுக்கும் சக்கரம் ஒன்று வைத்துத் தருவேன். ஃபிக்ஸட் போட மாட்டேன்.

காடி சரி என்றால் அடுத்தது ஃப்ரீவீலைக் கழற்றுவது. இது கைபலம் வேண்டிய வேலை. ஒவ்வொரு மிதியும் அந்த மரையை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கும். வருஷக்கணக்கில் மிதித்த மிதி முழுக்க அதில் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் உப்பு. முதல்நாள் சாயங்காலமே மரை வாயில் டீசலும் எண்ணெயும் கலந்து விட்டு, சக்கரத்தைப் படுக்க வைத்துவிடுவேன். காலையில் கழற்றும் கருவியை ஃப்ரீவீல் பல்லுக்குள் உட்காரவைத்து, அச்சு நட்டைக் கையளவுக்கு இறுக்கி, கருவி நழுவாமல் பிடித்துக்கொள்ளச் செய்வேன். பிறகு கருவியை வைஸில் கவ்வவிட்டு, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்புவேன். சிறிய ஸ்பேனரால் அசையாதது ரிம்மின் அகலத்தில் அசையும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்ததும் நிறுத்தி நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் திருப்பினால் அச்சு முறுக்கிக்கொள்ளும்.

இப்போது தெரிகிற ஹப் மரையில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. பிரிட்டிஷ் அளவில் அது 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, வலப்பக்கம் திருகினால் இறுகும். ஃபிக்ஸட் பல்சக்கரமும் அதே மரைதான், அழகாக ஏறிவிடும். முன்னோக்கி மிதிக்கும்வரை பிரச்சினை இல்லை. வேகத்தைக் குறைக்கப் பெடலைக் காலால் பின்னால் அழுத்துகிறோம் பாருங்கள், அந்த அழுத்தம் பல்சக்கரத்தைக் கழற்றும் திசையில் போகிறது. கழன்றால் செயின் சும்மா சுற்றும், வண்டி நிற்காது. இதற்காகவே செய்த டிராக் ஹப்பில் இரண்டு படி இருக்கும். முதல் படியில் பல்சக்கரம். அதற்கு வெளியே 1.29 அங்குலத்தில் இன்னொரு சிறிய படி. அதன் மரை இடப்புரி. அதில் ஏறும் பூட்டு வளையம் பல்சக்கரம் கழலப் பார்க்கும்போது தானும் சேர்ந்து இறுகும். இடது பெடலுக்கு இடப்புரி வைத்ததும் இந்த மாதிரி யோசனையில்தான்.

பழைய ஃப்ரீவீல் ஹப்பில் அந்த இரண்டாம் படி கிடையாது. கிராங்க் அச்சுக் கிண்ணத்தின் பூட்டு வளையமும் 1.37-க்கு 24 என்பதால், அதைப் பல்சக்கரத்துக்கு வெளியே இறுக்கி ஓட்டலாம் என்று ஒரு தந்திரம் உலகம் முழுக்க இருக்கிறது. அந்த வளையமும் வலப்புரிதான். பலமாகப் பின்னழுத்தம் கொடுத்தால் இரண்டும் கைகோத்துக் கழன்று வரும். இந்தத் தந்திரத்தை இரண்டு பிரேக்கும் உள்ள வண்டிக்கு, மெதுவாக ஓட்டும் ஆளுக்குச் செய்து தருவேன். பல்சக்கரத்தை ஏற்றிய பிறகு ஒரு கம்பிப் பட்டையில் செயின் துண்டு அடித்த கருவியால் முழு உடம்பு பலத்தில் இறுக்கி, ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து வளையத்தை மறுபடி இறுக்குவேன். மிச்ச பேருக்கு டிராக் ஹப் வாங்கிவரச் சொல்லிவிடுவேன்.

புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு பழைய பெஜோ வந்தது. முன்னால் இரண்டு பல், பின்னால் ஐந்து, மெல்லிய இரும்புக் குழாய், தூக்கினால் கறுப்பு சைக்கிளில் பாதி எடைகூட இருக்காது. ஃப்ரீவீல் கழன்றது. ஃபிக்ஸட் பல்சக்கரத்தை ஏற்றினால் மரை பிடிக்காமல் லொடலொடத்தது. பிரெஞ்சுக்காரர்களின் பழைய மரை 34.7 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புரி. நம்முடைய 1.37 அங்குலம் ஏறக்குறைய 34.8. வித்தியாசம் நகக்கண் அளவுகூட இல்லை. ஏறி மிதித்தால் மரை மொத்தமும் அழிந்துவிடும். கிராங்க் கிண்ணத்திலும் அப்படியே: பிரிட்டிஷ் வண்டியில் வலப்பக்கக் கிண்ணம் இடப்புரி, பழைய பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் வலப்புரி. வழக்கப்படி வலப்பக்கம் திருகிக் கழற்றப் பார்த்தால் அது இன்னும் இறுகும். அந்த பெஜோவுக்கு ஹப்பையே மாற்றினோம். பின் ஃபோர்க்கின் இடைவெளி 120 மில்லிமீட்டர் இருந்தது. டிராக் ஹப்பும் அதே அளவு என்பதால் வாஷர் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆறு, ஏழு பல் வண்டிகளில் இடைவெளி 126 இருக்கும்; பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வாஷர் போட வேண்டும்.

பழைய ஹப்பையே வைத்துக்கொண்டால் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரும் வேலை சேரும். ஐந்தாறு பல்லுக்கு இடம் விட்டதால் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் விறைப்பாகவும், இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்தும் தளர்ந்தும் இருக்கும். அச்சிலிருக்கும் இடைவளையத்தை வலமிருந்து இடமாக மாற்றினால் ஹப் வலப்பக்கம் நகரும். ரிம்மும் கூடவே போகும். வலக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்தி, இடக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, சுற்றி வந்து மறுபடி அதையே செய்ய வேண்டும். முடிக்கும்போது இரண்டு பக்கக் கம்பியும் தட்டினால் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசும். கியரைக் கழற்றியதால் சக்கரம் முன்பைவிட வலுவாகிறது. மேடு பள்ளத்தில் கோட்டம் விழுவது குறைகிறது.

செயின் நேராக ஓட வேண்டும். டீரெய்லர் வண்டியில் செயின் கொஞ்சம் குறுக்கே ஓடினாலும் பொறுத்துக்கொள்ளும். ஃபிக்ஸட்டில் அப்படி ஓடி ஒருமுறை செயின் விழுந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன்னால் இரண்டு பல்சக்கரம் இருந்த கிராங்கில் உள்பக்க இடம்தான் பெரும்பாலும் பொருந்தும். டிராக் ஹப்பில் பல்சக்கரம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 42 மில்லிமீட்டரில் இருக்கும். நீள அளவுகோல் ஒன்றை முன் பல்சக்கரத்தில் ஒட்டி வைத்து, அதன் மறுமுனை பின் பல்லை எங்கே தொடுகிறது என்று பார்ப்பேன். அடுத்து தொய்வு. கிராங்கைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் செயின் விறைக்கும், ஓரிடத்தில் தளரும். முன் பல்சக்கரம் துல்லியமாக மையத்தில் இல்லை என்று அர்த்தம். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினை ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டி, பல்சக்கரத்தை நகர்த்தி இறுக்கினால் சமமாகும். விறைப்பான இடத்திலும் செயின் நடுவே விரலால் தள்ளினால் ஒரு சென்டிமீட்டராவது அசைய வேண்டும்.

எத்தனை பல் என்பதுதான் அதிகம் வாக்குவாதம் நடக்கும் இடம். பையன்களுக்கு வேகம் வேண்டும். முன்னால் 48, பின்னால் 16 என்பார்கள். நான் கறுப்பு சைக்கிளைக் காட்டுவேன். பல வண்டிகளில் முன்னால் 44, பின்னால் 18. அதன் பெரிய சக்கரத்தோடு கணக்குப் போட்டால் ஒரு மிதிக்குச் சுமார் 5.4 மீட்டர் போகும். ரோடு வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். 42-க்கு 16 போட்டால் ஏறக்குறைய அதே தூரம் வந்துவிடுகிறது. ஃபிக்ஸட்டில் காலே நிறுத்தவும் வேண்டும் என்பதால் இன்னொரு பல் கூட்டி 17 போடுவேன், 5.2 மீட்டர். பங்குனி சித்திரையில் மதியத்துக்கு மேல் தெற்கத்திக் காற்று எழும்பினால், புதுச்சேரிப் பக்கம் போகிற 35 கிலோமீட்டரும் எதிர்காற்றுதான். மாற்றிக்கொள்ளக் கியர் இல்லாதவனுக்கு அன்றைக்கு அந்த ஒரு பல்லின் அருமை தெரியும். இன்னொன்றும் உண்டு: 48-க்கு 16 மூன்றால் சரியாகப் போவதால், காலைப் பூட்டிச் சறுக்கி நிறுத்தும்போதெல்லாம் டயரின் ஒரே இடம் தரையில் தேயும். 42-க்கும் 17-க்கும் பொது வகுஎண் கிடையாது. தேய்மானம் பதினேழு இடங்களுக்குப் பிரிந்துவிடும்.

முன் பிரேக் இல்லாமல் வண்டியைக் கடையைவிட்டு வெளியே விட மாட்டேன். பிரிட்டனில் 1983-இல் வந்த விதியே ஃபிக்ஸட் வண்டிக்கு முன் பிரேக் கட்டாயம் என்கிறது. இங்கே சாலை நடுவே மாடு உட்காரும், பேருந்து ஓரம் கட்டும். வேட்டியோ லுங்கியோ கட்டி இதை ஓட்டக் கூடாது. துணி செயினில் மாட்டினால் பெடல் நிற்காது. வளைவில் பெடலை மேலே தூக்கி வைக்கவும் முடியாது என்பதால், அது தரையில் இடிக்காமலிருக்க, கிராங்க் 170 மில்லிமீட்டர் இருந்தால் 165 கிடைக்குமா என்று தேடுவேன்.

ஓட்டுபவரைவிடச் சுத்தம் செய்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடிப்பது எல்லோருக்கும் பழக்கம். ஃப்ரீவீல் வண்டியில் துணி மாட்டினால் சக்கரம் தனியே சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபிக்ஸட்டில் சக்கரத்தின் முழு வேகமும் செயினுக்கு வரும்; துணி, துணியைப் பிடித்த விரல், எல்லாவற்றையும் பல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். விரல் நுனி போன தொழில்காரர்களை எனக்குத் தெரியும். கடையில் வேலை பழகும் பையனுக்கு நான் முதலில் சொல்லும் பாடம் இது: சுத்துற செயினைத் தொடாதே. நிறுத்து, துடை, கொஞ்சம் உருட்டு, மறுபடி நிறுத்து.

அளத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது கேட்டால் ஃபிக்ஸட் வேண்டாம் என்பேன். பின்னால் சுமை, கீழே ஈர வரப்பு, பாதி நேரம் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளும்போது சுற்றிக்கொண்டே இருக்கும் பெடல் கெண்டைக்காலில் இடிக்கும். அவர்களுக்கு ஒற்றைப் பல் ஃப்ரீவீலே போதும். தயங்குகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் மரையுள்ள ஹப் போட்டு, ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் வைத்துக் கொடுப்பேன். முட்டி வலித்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அளங்கள் மூழ்கின, தெருக்களிலும் தண்ணீர் நின்றது. அடுத்து வந்த வாரங்களில் உப்புச் சேற்றில் ஊறிய சைக்கிள்கள் வரிசையாக வந்தன. கியர் வண்டிகளில் லீவர், கேபிள், டீரெய்லர், பல்லடுக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றச் செலவு ஏறி, பாதிப் பேர் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்கள். நான் மாற்றிக் கொடுத்திருந்த வண்டிகளுக்கு ஹப்பையும் கிராங்கையும் பிரித்து, குண்டுகளை மாற்றி, கிரீஸ் அடைத்து, புதுச் செயின் போட்டதோடு வேலை முடிந்தது. கியர் இல்லாததற்கு இதைவிட நல்ல நியாயம் என்னிடம் இல்லை.

அதற்காக, மாற்றுவதை முடிந்த முடிவாகச் செய்ய மாட்டேன். டீரெய்லர் மாட்டும் காதை அறுத்துவிட்டால் அழகாக இருக்கும் என்று சிலர் கேட்பார்கள். கேபிள் போகும் கொக்கிகளை அரத்தால் ராவச் சொல்வார்கள். இரண்டையும் செய்வதில்லை. கழற்றிய டீரெய்லர், லீவர், இரண்டாவது பல்சக்கரம், அதன் நீள போல்ட்டுகள் எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் தடவி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உரிமையாளரிடம் கொடுப்பேன். அவர் நாளைக்கு வேலை கிடைத்துச் செஞ்சிப் பக்கம் குடிபோகலாம். அங்கே உப்பு இல்லை, மலை இருக்கிறது. அப்போது அந்தப் பையோடு வரட்டும். திரும்ப மாட்டிக் கொடுக்கிறேன், கூலி தனி.